அப்பா கிழித்து வைத்த தாள்கள்

டூட்டி முடிந்து வந்ததும் அப்பா முதலில் போய் நிற்கிற இடம் காலண்டர்தான். காக்கிச் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால், காபி கேட்பதற்கு முன்னால், தொட்டித் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு ஈரக் காலோடு நடுவீட்டுக்கு வருவார். தான் இல்லாத நாட்களின் தாள்களை ஒவ்வொன்றாகக் கிழிப்பார். அப்பா வெளியூரில் தங்கல் என்றால் எங்கள் வீட்டில் யாரும் தாளைக் கிழிக்கக் கூடாது. அது அவர் அம்மாவிடம் கேட்டுக்கொண்டது. அதனால் பல காலைகளில் எங்கள் வீட்டுச் சுவரில் நேற்றுதான் தொங்கிக்கொண்டிருக்கும். இன்றைக்கு ராகு காலம் எத்தனை மணிக்கு என்று யாராவது கேட்டு வந்தால் அம்மா மேல் தாளைக் கிழிக்காமல் தூக்கிப் பிடித்து அடித்தாளைப் பார்த்துச் சொல்வார்.

அப்பா பஸ் கண்டக்டர். 1975இல் வேலைக்குச் சேர்ந்து 2008இல் ஓய்வு பெற்றார். அந்த 33 வருடத்தில் பெரும்பகுதி மதுரை - ராமநாதபுரம் லைன். திருப்புவனம், மானாமதுரை, பார்த்திபனூர், பரமக்குடி, சத்திரக்குடி என்று அந்த ஸ்டேஜ்களை நானும் அக்காவும் வாய்ப்பாடுபோல ஒப்பிப்போம். ராமநாதபுரத்தில் நைட் ஹால்ட். மறுநாள் காலை முதல் சிங்கிள் எடுத்து மதுரை வருவார். பண்டிகை நாளென்றால் அதுவும் இல்லை. ஸ்பெஷல் பஸ் விடுவார்கள், இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஆளைப் பார்க்க முடியாது.

கிழித்த தாள்கள் பெரும்பாலும் அம்மாவிடம் போகும். கோயில் விபூதி மடிக்க, விளக்குத் துடைக்க, எங்களுக்குக் கப்பல் செய்ய. ஆனால் சில தாள்களை அப்பா யாருக்கும் கொடுக்க மாட்டார். பின்பக்கத்தைத் திருப்பி, தொடைமேல் வைத்து, சட்டைப்பையில் இருக்கும் பேனாவால் ஏதோ ஒரு வரி எழுதுவார். பழைய டிக்கெட் பெட்டி ஒன்று இருந்தது. தகரம், மூலையில் பச்சைப் பெயின்ட் உரிந்தது. அதற்குள் போட்டு மூடிவிடுவார். என்ன எழுதினார் என்று நாங்கள் கேட்டதில்லை. வரவு செலவுக் கணக்கு என்று நினைத்திருந்தேன்.

2019 கார்த்திகையில் அப்பா இறந்துபோனார். பெட்டி பரணுக்குப் போனது. 2025 கோடை விடுமுறையில், ஏப்ரல் மாதக் கடைசியில், பேட்மின்டன் மட்டையைத் தேடிப் பரணில் ஏறிய என் மகள்தான் அதைக் கண்டுபிடித்தாள். அவளுக்குப் பத்து வயது ஆகப்போகிறது. தம்பிக்கு ஏழு. இரண்டு பேரும் பெட்டியை நடுவீட்டில் வைத்துக்கொண்டு, நான் வந்தால்தான் திறப்போம் என்று சாயங்காலம்வரை காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்புக்காக அவர்களுக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். நான் இல்லாமல் திறந்திருந்தால் நானும் இதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டிருப்பேன்.

டிக்கெட் கட்டுக்குப் போடுவதுபோல வருடவாரியாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். ரப்பர் இளகித் தாளோடு ஒட்டிப்போயிருந்தது. என் மனைவி நகத்தால் மெல்ல மெல்லப் பிரித்தெடுத்தாள். தாள்கள் மஞ்சளாகி, மடிப்பில் விண்டுபோகிற பதத்தில் இருந்தன. மகள் எண்ணினாள். 61.

முன்பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நடுவில் பெரிய எழுத்தில் தேதி, ஞாயிறு என்றால் சிவப்பு. சுற்றிலும் தமிழ் மாதம், நட்சத்திரம், திதி, நல்ல நேரம், எமகண்டம், குளிகை, சூலம், அதற்குப் பரிகாரம். அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல். சிவகாசியில் ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருடத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிடுகிறது. வருடம் பிறக்க ஐந்து மாதம் கிடக்கும்போதே எந்த நாளுக்கு எத்தனை மணிக்கு எமகண்டம், யாருக்குச் சந்திராஷ்டமம் என்பதெல்லாம் அச்சில் ஏறிவிடுகிறது. நம் வீட்டில் அன்றைக்கு என்ன நடந்தது என்பது மட்டும் அதில் இருக்காது. அதை அப்பா பின்பக்கத்தில் எழுதியிருந்தார்.

"பெரியவள் பள்ளிக்கூடம். அழவில்லை."

"சின்னவன் குப்புற விழுந்தான்."

"சின்னவனுக்கு அம்மை. முதல் தண்ணீர் ஊற்றியது."

"பெரியவள் கோலம். 15 புள்ளி."

ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. ஏறக்குறைய ஒவ்வொரு தாளிலும் வலது கீழ் மூலையில் ஒரு வட்டம், அதற்குள் ஓர் எழுத்து. சிலவற்றில் 'பா', சிலவற்றில் 'கே'.

பிள்ளைகளுக்கு அந்த எழுத்துதான் பெரிய விஷயமாகிவிட்டது. "பா-ன்னா பாப்பா. கே-ன்னா?" என்றான் மகன். "கேக்கு." குப்புற விழுந்ததற்கு யார் கேக் வெட்டுவார்கள் என்று மகள் மடக்கினாள். நானும் யோசித்தேன். பஸ்காரர்கள் ஸ்டேஜ் பெயரை ஒற்றை எழுத்தில் எழுதுவார்கள், பார்த்திபனூருக்குப் பா என்று வைத்தாலும் கே-யில் தொடங்குகிற ஸ்டேஜ் அந்த லைனில் இல்லை. அம்மாவிடம் கேட்டோம். "அவுக எங்கிட்ட எதைச் சொன்னாக? எழுதுவாக, மூடுவாக" என்றார்.

விடை அடிக்கட்டில் இருந்தது. ஆகப் பழைய தாள், 1979 மார்ச் 22, வியாழன். பின்பக்கத்தில் அப்பாவின் இளவயதுக் கையெழுத்து, எழுத்துகள் இன்னும் சாயாமல் நேராக: "பெண் குழந்தை. கேட்டது." அடுத்த தாளில், மறுநாள் தேதியில்: "குழந்தையைப் பார்த்தது."

மகள் துள்ளி எழுந்துவிட்டாள். "கேட்டது! பார்த்தது! அப்பா, கே-ன்னா தாத்தா கேட்டாரு. பா-ன்னா அவரே பாத்தாரு!"

அந்த மார்ச் 22இன் கதையை அன்றைக்குத்தான் அம்மா முழுதாகச் சொன்னார். தலைப்பிரசவம் என்பதால் தாய்வீடான மானாமதுரைக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரி மெயின் ரோட்டை ஒட்டி. காலையில் அக்கா பிறந்துவிட்டாள். மதுரையிலிருந்து வருகிற அப்பாவின் பஸ் பதினோரு மணி வாக்கில் மானாமதுரை வந்து நிற்கும். என் மாமா ஓடிப்போய் ஜன்னல் வழியாகவே சொல்லியிருக்கிறார்: "மாப்ள, பொம்பளப் புள்ள, ரெண்டு பேரும் நல்லாருக்காக." பஸ் நிறைய சனம். இறங்க முடியாது, ராமநாதபுரம் போய்த்தான் ஆக வேண்டும். குழந்தை இருக்கிற கட்டடத்தைத் தாண்டி, பின்படிக்கட்டில் நின்றபடி அப்பா போயிருக்கிறார்.

"டிரைவர் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு நேரா வரயில நீளமா ஒரு ஹாரன் அடிச்சாரு பாரு," என்றார் அம்மா. "படுத்திருந்தவளுக்குத் தெரிஞ்சு போச்சு, அவுகளுக்குச் சேதி போயிருச்சுன்னு." பிறகு பேத்தியைப் பார்த்து, "எனக்கு அன்னிக்குக் கேட்டதுதான்டி தாயி" என்றார்.

நான் என் தாளைத் தேடினேன். 1983 அக்டோபர் 12, புதன். "சின்னவன் நடந்தான்." மூலையில் கே. நவராத்திரி நேரம், கூட்டம் அலைமோதுகிற நாட்கள், அவர் வீடு திரும்பியபோது இரண்டு நாள் ஆகியிருந்தது என்று அம்மா சொன்னார். வந்ததும் என்னை நிற்கவைத்து நடக்கச் சொன்னாராம். நான் அன்றைக்கென்று பார்த்து உட்கார்ந்துகொண்டேனாம். அப்பா தாளைக் கிழித்து எழுதிவிட்டுச் சாப்பிடப் போனாராம்.

மகள் நோட்டுப்புத்தகத்தில் கோடு போட்டு இரண்டு பத்தி பிரித்து எண்ணிக்கொண்டே வந்தாள். அவளுக்குக் கணக்கு பிடிக்கும். கே 34. பா 26. எழுத்தே இல்லாத தாள் ஒன்று. பிறகு அவளாகவே பா தாள்களை வருடம் பார்த்து அடுக்கினாள். 2008க்குப் பிறகு, அதாவது ஓய்வு பெற்ற பிறகு, 11. அதற்கு முந்தைய முப்பது வருடத்துக்கும் சேர்த்து 15. அந்தப் பதினைந்தில் ஒன்பது ஒரே வருடத்தைச் சேர்ந்தவை. 1990, ஜூன் மாதத்திலிருந்து செப்டம்பர்வரை.

"ஏம்ப்பா, அந்த வருசம் தாத்தாவுக்கு லீவு விட்டாங்களா?"

எழுத்தில்லாத அந்த ஒற்றைத் தாளை நான் அதற்குள் பார்த்துவிட்டேன். 1990 ஜூன் 18, திங்கள். பின்னால் மூன்றே சொல்: "இன்று முதல் வீட்டில்." அம்மாவும் பார்த்துவிட்டார். கையை நீட்டித் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இது எதுக்குய்யா பிள்ளைகளுக்கு" என்றார், என்னை மட்டும் பார்த்து.

அது அப்பா சஸ்பெண்ட் ஆன நாள். எனக்கு அப்போது எட்டு வயது நிரம்பவில்லை, மூன்றாம் வகுப்பு. லீவு என்றுதான் எனக்கும் சொன்னார்கள். கல்லூரிக்குப் போன பிறகுதான் அக்கா விவரம் சொன்னாள். முகூர்த்த நாள் கூட்டத்தில் ஒரு குடும்பமாக ஏழு பேர் ஏறியிருக்கிறார்கள். அப்பா ஏழு பேருக்கும் காசு வாங்கிவிட்டார், ஐந்து டிக்கெட்தான் கிழித்துக் கொடுத்திருக்கிறார். அடுத்த ஸ்டேஜில் செக்கிங் ஏறிவிட்டது. விசாரணை முடிய மூன்று மாதம். அதுவரை பாதிச் சம்பளம். முடிவில் இன்கிரிமென்ட் வெட்டு. அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது அந்த ஜூலையில்.

சொல்லலாமா வேண்டாமா என்று எனக்கு ஒரு நிமிடம் தயக்கம் இருந்தது. தாத்தாவின் படத்துக்குத் தினமும் பூ வைக்கிற பிள்ளைகள். ஆனால் அப்பா அந்தத் தாளைக் கிழித்து எறியவில்லை. விபூதி மடிக்கக் கொடுக்கவில்லை. அக்கா பிறந்த தாளோடும் நான் நடந்த தாளோடும் சேர்த்து அதே பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார். அவர் ஒளிக்காததை நான் எதற்கு ஒளிப்பது? அம்மாவிடம் தாளை வாங்கிச் சொன்னேன்.

"தாத்தா தப்புப் பண்ணாரா?" மகனின் கேள்வி.

"ஆமாய்யா. காசு வாங்குனா டிக்கெட் கொடுக்கணும். ரெண்டு பேருக்குக் கொடுக்காம விட்டுட்டாரு. கூட்டத்துல விட்டுப்போச்சு. ஆனாலும் தப்பு தப்புதான். அதுக்கு மூணு மாசம் வீட்டுல இருந்தாரு. பெறகு மறுபடி வேலைக்குப் போயி பதினெட்டு வருசம் ஒரு புகார் இல்லாம பாத்தாரு."

மகள் அந்த ஒன்பது தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப அந்த மூணு மாசந்தான் தாத்தா எல்லாத்தையும் பாத்திருக்காரு" என்றாள்.

நாற்பத்திரண்டு வயதுவரை எனக்குத் தோன்றாதது அது. என் சிறுவயதில் ஆகச் சந்தோஷமான காலம் எது என்று யார் கேட்டாலும் அந்த மூன்றாம் வகுப்பு ஆனி, ஆடி, ஆவணியைத்தான் சொல்வேன். எங்கள் வீட்டில் சங்கிலி அடகில் இருந்த மாதங்கள் அவை. அப்பா காலையில் என்னைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனார், சாயங்காலம் வாசலில் நின்றார். சாப்பாட்டுக்கு முன் தினத்தந்தித் தலைப்புகளை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். திக்காமல் ஒரு பக்கம் வாசித்த நாளுக்கும் ஒரு தாள் இருக்கிறது. என் பல் விழுந்த அன்று சாணி உருண்டையில் அதைப் பொதிந்து ஓட்டின்மேல் எறியவைத்தவர் அப்பாதான். அண்ணாந்து பார்க்காதே, பார்த்தால் பல் முளைக்காது என்று என் கண்ணைப் பொத்தினார். அவர் கையில் எப்போதும் இருக்கும் காசு வாடை அந்த மாதங்களில் இல்லை. அது அப்போதே எனக்குப் புதிதாக இருந்தது.

ஒன்பதில் நான் தேடியது 1990 ஆகஸ்ட் 12. ஞாயிறு, சிவப்புத் தேதி. "சைக்கிள். விட்டேன். விழவில்லை." பா.

தெப்பக்குளம் பக்கம் மணிக்கு ஒரு ரூபாய்க்கு அரை சைக்கிள் கிடைக்கும். கடைக்காரர் நோட்டில் பெயரும் நேரமும் குறித்துக்கொண்டு கொடுப்பார். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் அந்நாளில் தண்ணீர் கிடையாது. தைப்பூசத் தெப்பத் திருவிழாவை நிலைத் தெப்பமாகத் தரையிலேயே நடத்திய வருடங்கள் உண்டு. மற்ற நாளெல்லாம் பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடுவார்கள். திருமலை நாயக்கர் வெட்டிய குளம், நான்கு புறமும் கல்சுவர், சுவரைச் சுற்றிச் சாலை. அந்தச் சாலையில்தான் மூன்று ஞாயிறு அப்பா கேரியரைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் ஓடினார். குரங்குப் பெடல் வேண்டாம், சீட்டில் உட்கார்ந்தே பழகு என்பது அவர் கட்சி. ஆடிக் காற்று ஒரு பக்கம் போகும்போது முதுகில் தள்ளும், திரும்பினால் மூஞ்சியில் அறையும். மூன்றாவது ஞாயிறு, கிழக்குப் பக்கம் திரும்புகிற இடத்தில், பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"போலாம் ரைட்!"

பஸ்ஸில் அவர் ஒரு நாளைக்கு நூறு முறை சொல்கிற சொல். இரண்டு மாதமாக அதைச் சொல்லாமல் இருந்திருக்கிறார். அந்தக் குரல் தூரத்திலிருந்து வந்தது என்பது எனக்கு உறைக்கவே சில நொடிகள் ஆயின. அதற்குள் நான் தனியாக வெகுதூரம் ஓட்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அப்பா இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். ஐந்து வாரம் கழித்து, செப்டம்பர் 20, வியாழன். அந்தத் தாளில் "டூட்டி" என்று மட்டும் எழுதியிருந்தது. அதற்கு ஏன் பா போட்டார் என்று தெரியவில்லை. மகளின் கணக்கில் அதுவும் ஒன்பதில் ஒன்று.

மேல்கட்டு என் பிள்ளைகளுடையது. "பேத்தி", "பேரன்" என்று தொடங்குகிற தாள்கள். அவற்றைப் பிரிக்கும்போது பிள்ளைகள் இரண்டு பேரும் என் மடியிலேயே ஏறிவிட்டார்கள். தன் கதையைத் தாத்தா கையெழுத்தில் பார்க்கிற சந்தோஷத்தை நான் அவர்கள் முகத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். 2018 அக்டோபர் 19, விஜயதசமி. தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, என் மகளின் விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்தது அப்பாதான். "பேத்தி அ எழுதினாள். வால் நீளம்." 2019 பிப்ரவரி 10, தை மாத ஞாயிறு. அழகர்கோயிலில் மகனுக்கு மொட்டை, காதுகுத்து. பதினெட்டாம்படிக் கருப்பசாமி சன்னதிக்கு முன்னால் கும்பிட்டுவிட்டு, என் மைத்துனர் மடியில் பிள்ளையை உட்காரவைத்தோம். ஆசாரி முதல் காதில் குத்தியதும் அவன் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த குரங்குகள் கிளைமாறின. இரண்டாவது காதுக்கு அப்பா குனிந்து அவன் முகத்துக்கு நேரே விசிலடித்துக் காட்டினார். அழுகை நின்று பிள்ளை வாயைப் பார்த்தது. ஆசாரி அந்த நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். "பேரன் மொட்டை, காது. அழகர் புண்ணியம்." பா. அப்பா எழுதிய கடைசித் தாள் இது.

இவற்றுக்கு நடுவில் இருந்தது 2016 ஜூன் 9, வியாழன். மகள்தான் வாசித்தாள். "பேத்தி நடந்தாள்." மூலையில் வட்டத்துக்குள் பா. அதன் கீழே வேறு மையில் இன்னொரு வரி: "மகனுக்குப் போனில் படம் போனது. அவனுக்கு" - பிறகு ஒரு வட்டம், அதற்குள் கே.

நான் மெடிக்கல் ரெப். மாதத்தில் பன்னிரண்டு, பதினான்கு நாள் டூர். அன்று ராமநாதபுரத்தில் இருந்தேன். அப்பா நைட் ஹால்ட் போட்ட அதே ஊர். லாட்ஜ் அறையில் கட்டிலில் உட்கார்ந்து, என் மனைவி அனுப்பிய 17 நொடி வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மகள் நான்கு எட்டு வைக்கிறாள். படத்தின் ஓரத்தில் இரண்டு கைகள் மட்டும் தெரிகின்றன, விரித்தபடி. அப்பாவின் கைகள். "வாடி என் தங்கம், வா, வா" என்கிற குரல். மகனின் முதல் நடையைத் தவறவிட்டவர் முப்பத்து மூன்று வருடம் கழித்துப் பேத்தியின் முதல் நடைக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அந்தச் சமயத்தில் எனக்கு அது புரியவில்லை. வீடியோ வந்துவிட்டது, நானும் பார்த்துவிட்டேன் என்றுதான் இருந்தேன்.

"வீடியோவுல பாத்தா அது பா தானேப்பா?" என்றாள் மகள். எனக்காகப் பரிந்து கேட்கிறாள் என்று தெரிந்தது.

"தாத்தா கே-ன்னு போட்டிருக்காருல்ல," என்றேன். "தாத்தா சொன்னது சரி."

மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். என் போனில் இன்றைக்குப் பதினான்காயிரம் படங்களுக்கு மேல் கிடக்கின்றன. மகனின் முதல் பல் என்று விழுந்தது என்று அவன் அன்றிரவு கேட்டபோது அரைமணி நேரம் தேடியும் என்னால் சொல்ல முடியவில்லை. அப்பாவிடம் இருந்தது 61 தாள். ஒவ்வொன்றுக்கும் தேதி இருக்கிறது, கிழமை இருக்கிறது, தான் அங்கே இருந்தேனா இல்லையா என்ற பதில் இருக்கிறது. இல்லாத நாளில் இல்லை என்று எழுதிவைக்கிற நேர்மை அவருக்கு இருந்தது. படம் எடுக்கிற வசதி வந்த பிறகு நாம் இழந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். அனுப்பிவைத்தால் எல்லாவற்றையும் பார்த்ததாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம்.

அன்றிரவு சாப்பிட்ட பிறகு பிள்ளைகள் புதிய விளையாட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். 2019க்குப் பிறகு தாள் இல்லையே, அதையெல்லாம் அப்பா வாயால் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் பா-வா கே-வா என்றும் சொல்ல வேண்டும். நான் முதல்நாள் பள்ளிக்குப் போனது? பா. தம்பி "அக்கா" என்று முதலில் சொன்னது? ஊரடங்கில் வீட்டில் இருந்தேன், பா. நான் ஆண்டுவிழாவில் வேலுநாச்சியார் வேடம் போட்டது? கே. எனக்கு நாய் கடித்து ஊசி போட்டது? கே. தம்பி நீச்சல் பழகியது? கே. என் மனைவி எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாமே பா. கே என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப நாங்க சொல்றோம், நீங்க கேளுங்க" என்று அந்தக் கதையை அவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். நாய் கடித்த கதையை மகள் நடித்தே காட்டினாள். பதினொன்றரை மணிவரை கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவும் இப்படித்தான் கேட்டிருப்பார். ஈரக் காலோடு நின்று, அம்மா சொல்லச் சொல்லக் கேட்டு, பிறகு எழுதியிருப்பார்.

மறுநாள் மகள் ஒரு கோரிக்கை வைத்தாள். எங்கள் வீட்டுக் காலண்டர் பெரியது, பின்பக்கமும் ஏதோ சமையல் குறிப்பு அச்சடித்திருக்கிறார்கள், எழுத இடமில்லை. தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சியிடம் மிச்சமிருந்த சின்னக் காலண்டர் ஒன்றைக் கேட்டு வாங்கினோம். ஜனவரி முதல் ஏப்ரல்வரை உள்ள தாள்களை மொத்தமாகக் கிழிக்க அவள் விடவில்லை. பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொன்றாகக் கிழித்துத் தீர்த்தார்கள். நான் டூர் போகிற நாட்களில் தாளை யாரும் கிழிக்கக் கூடாது என்று முடிவாயிற்று.

மே 18, ஞாயிறு. காலை ஆறு மணிக்கே தெப்பக்குளம் போய்விட்டோம். இப்போது குளத்தில் தண்ணீர் நிற்கிறது. மைய மண்டபத்தின் நிழல் அதில் அசைவதைப் பார்த்தபடி நடைப்பயிற்சிக்காரர்கள் போகிறார்கள். சாலையில் வண்டிகள் பெருகிவிட்டதால் ஓரமாகவே மகனை ஓட்டவிட்டு, சீட்டுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினேன். மூன்று ஞாயிறாக ஓடுகிறேன். எனக்கு மூச்சு வாங்கியது. கிழக்குப் பக்கம் திரும்புகிற அந்த இடத்தில் கையை எடுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் ஓடிவந்த மகள் கத்திவிட்டாள்: "போலாம் ரைட்!"

முப்பது, நாற்பது அடி போனான். பிறகு பிரேக்கைப் பிடிக்கத் தெரியாமல் காலை ஊன்றி, சாய்ந்து, முட்டியில் சிராய்த்துக்கொண்டான். எழுந்து நின்று முட்டியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். "பாத்தீங்களாப்பா?" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் அவனைத் தூக்கிப் பிடித்தேன், அவனே தாளைக் கிழித்தான். மகள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதினாள். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்: "தம்பி சைக்கிள் ஓட்டினான். கடைசியில் விழுந்தான். அப்பா பா. நான் பா. அம்மா கே. அப்பத்தா கே."

பெட்டியில் அது 62ஆவது தாள்.